ஓப்பன்எஸ்எஸ்எல் ஆவணங்களில் இலக்கணப் பிழை திருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறையாக்க மென்பொருளின் ஆங்கில ஆவணங்களில் கண்ணில் படும் எழுத்துப்பிழை, காற்புள்ளிப் பிழை, தடுமாறும் வாக்கியம் ஆகியவற்றைத் திருத்தி அனுப்ப விரும்புகிறவர்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். இணைய இணைப்புகளை மறையாக்கப் பயன்படும் நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் மேன் பக்கங்களை (கட்டளைகளையும் செயற்கூறுகளையும் விளக்கும் கையேட்டுப் பக்கங்களை) வைத்தே பெரும்பாலும் பேசுகிறோம். கோப்புகளையும் மின்னஞ்சலையும் மறையாக்கிக் கையொப்பமிடும் க்னூபிஜியும் பைத்தானின் கிரிப்டோகிராஃபி நூலகமும் எங்கே வேறுபடுகின்றன என்பதற்கு முடிவில் தனிக் கேள்வி இருக்கிறது. கிட் அடிப்படை தெரிந்தால் போதும்.

ஒரு காற்புள்ளியைத் திருத்த இவ்வளவு யோசிக்க வேண்டுமா?

வேண்டும். மேன் பக்கத்தில் இருக்கும் வாக்கியத்தைப் படித்துவிட்டுத்தான் நிரலர் தன் ‘இஃப்’ நிபந்தனையை எழுதுகிறார். வாக்கியம் வழுக்கினால் நிபந்தனையும் வழுக்கும்.

‘எஸ்எஸ்எல்_கெட்_வெரிஃபை_ரிசல்ட்’ என்ற செயற்கூற்றின் பக்கத்தைப் பாருங்கள். எதிர்முனை, அதாவது இணைப்பின் மறுபக்கம், காட்டிய அடையாளச் சான்றிதழைச் சரிபார்த்த முடிவை இது தருகிறது. எல்லாம் சரி என்றால் ‘எக்ஸ்509_வி_ஓகே’, அதாவது 0. எதிர்முனை சான்றிதழே தராவிட்டாலும் இதே ஓகேதான் வரும். சரிபார்ப்பில் பிழை ஏதும் நிகழவில்லை என்பதால் இந்த விடை வருகிறது, ஆனால் இது வெற்றியைக் குறிக்காது என்று அந்தப் பக்கத்தின் பிழைகள் பகுதி சொல்கிறது. ஆங்கிலத்தில் இந்த இரண்டு முழு வாக்கியங்களையும் ஒரு காற்புள்ளி மட்டுமே ஒட்டிவைத்திருக்கிறது. இலக்கணப்படி அது பிழை. அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வைத்தால் தீர்ந்தது.

அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘சொன்னதையே சொல்கிறதே’ என்று பின்பாதியை வெட்டினாலும், இரண்டையும் கலந்து அழகான ஒரே வாக்கியமாக்கி ‘ஹௌஎவர்’ (ஆனால்) என்ற திருப்பத்தைத் தொலைத்தாலும், படிப்பவர் கையில் ‘ஓகே வந்தால் சரி’ என்ற பாதி உண்மைதான் மிஞ்சும். அதை நம்பி எழுதிய நிரல், சான்றிதழே காட்டாத எதிர்முனையையும் உள்ளே விட்டுவிடும்.

எந்தத் திருத்தங்களை அனுப்பலாம், எவற்றை விட்டுவிடலாம்?

எழுத்துப்பிழை, இரட்டித்த சொல் (‘தி தி’), எழுவாய் வினை ஒத்துப்போகாமை, விடுபட்ட ஆர்ட்டிக்கிள், உடைந்த குறுக்கிணைப்பு, இரண்டு பொருள் தரும் வாக்கியம் ஆகியவற்றைத் தயங்காமல் அனுப்புங்கள். பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலை அமெரிக்கன் ஆக்குவது, ‘யூஸ்’ என்பதை ‘யுடிலைஸ்’ ஆக்குவது, பிடிக்காத நடையை மாற்றுவது போன்றவை வேண்டாம். திட்டத்தில் மதிப்பாய்வு செய்பவர்களின் நேரம்தான் பற்றாக்குறையான பொருள். படிப்பவருக்குப் பலன் தராத மாற்றத்தில் அதைக் கரைக்கக் கூடாது.

கோப்புகள் எங்கே இருக்கின்றன? எந்த வடிவத்தில்?

மூலக் களஞ்சியத்தில் ‘டாக்’ அடைவுக்குள் மேன் பக்கங்களுக்கு நான்கு உள்ளடைவுகள்: ‘மேன்1’ கட்டளைகளுக்கு, ‘மேன்3’ நூலகச் செயற்கூறுகளுக்கு, ‘மேன்5’ அமைவுக் கோப்புகளுக்கு, ‘மேன்7’ பொது விளக்கங்களுக்கு. எல்லாம் பெர்ல் உலகின் பாட் வடிவம். ‘மேன்1’இல் பல கோப்புகளின் பெயர் ‘.பாட்.இன்’ என்று முடியும். அவை வார்ப்புருக்கள், தொகுக்கும்போது அவற்றிலிருந்துதான் ‘.பாட்’ கோப்பு உருவாகிறது. புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. உருவான ‘.பாட்’ கோப்பைத் திருத்தினால் அடுத்த தொகுப்பிலேயே திருத்தம் மறைந்துவிடும். கிட் அதைக் கணக்கிலும் எடுக்காது.

பாட் வடிவத்தில் பி (B), ஐ (I), சி (C), எல் (L) என்ற ஆங்கிலப் பேரெழுத்துகளுக்கு அடுத்துக் கோண அடைப்பு வரும். பி தடித்த எழுத்து, ஐ சாய்வெழுத்து, சி நிரல்துண்டு, எல் வேறு பக்கத்துக்கு இணைப்பு. வாக்கியத்தை மாற்றும்போது இந்த அடைப்புகளைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். இடைவெளியுடன் தொடங்கும் வரி ‘உள்ளபடியே காட்டு’ என்று பொருள்படும். பத்தியின் தலையில் தவறி ஒரு இடைவெளி விழுந்தால் பத்தி முழுவதும் நிரல் போலத் தெரியும்.

தொடக்கம் முதல் அனுப்புவது வரை படிகள் என்ன?

களஞ்சியத்தைக் கிட்ஹப்பில் ஃபோர்க் செய்து, மாஸ்டர் கிளையிலிருந்து புதுக் கிளை எடுங்கள். பழைய வெளியீட்டுக் கிளையிலிருந்து எடுக்க வேண்டாம். எந்தெந்தப் பழைய கிளைகளிலும் அதே பிழை இருக்கிறது என்பதைப் புல் ரிக்வெஸ்டில் (திருத்தத்தை ஏற்கும்படி கிட்ஹப்பில் அனுப்பும் கோரிக்கையில்) ஒரு வரியில் சொன்னால் போதும். அங்கே கொண்டுபோவதைத் திட்டத்தார் பார்த்துக்கொள்வார்கள்.

திருத்தும் முன் அந்த வரிமீது ‘கிட் பிளேம்’ ஓட்டுங்கள், அதைக் கடைசியாக மாற்றிய கமிட் தெரியும். விசித்திரமாகத் தோன்றும் ஒரு சொல் ஏதோ ஒரு பாதுகாப்புத் திருத்தத்தின்போது வேண்டுமென்றே நுழைக்கப்பட்டிருக்கலாம். அந்தக் கமிட்டின் செய்தியைப் படிக்க இரண்டு நிமிடம் போதும்.

திருத்துங்கள். பத்தியை மறுபடி வரி மடிக்காதீர்கள். ஒரு சொல்லை மாற்றிவிட்டு எடிட்டர் பத்தி முழுவதையும் மறுஅடுக்கு செய்ய விட்டால், எட்டு வரிகள் மாறியதாக டிஃப் காட்டும். உண்மையில் என்ன மாறியது என்று மதிப்பாய்வாளர் தேட வேண்டியிருக்கும். பழைய கிளைகளில் ஒட்டும்போது மோதலும் வரும். ஒரு வரி நீளமாகவோ குட்டையாகவோ தெரிந்தால் தெரியட்டும்.

பிறகு ‘கிட் டிஃப்’ கட்டளையை ‘வேர்ட்-டிஃப்’ விருப்பத்தோடு ஓட்டி, சொல் சொல்லாக என்ன மாறியது என்று நீங்களே படியுங்கள். ‘கான்ஃபிகர்’ ஒருமுறை ஓட்டியபின், ஆவணங்களின் அமைப்புப் பிழைகளைத் தேடும் ‘மேக் டாக்-நிட்ஸ்’ கட்டளை கொடுங்கள். பதிப்புரிமைப் பகுதி கடைசியில் இல்லாவிட்டாலும், தலைப்பு ‘எக்ஸாம்பிள்ஸ்’ என்று பன்மையில் இல்லாமல் ஒருமையில் இருந்தாலும் அது கத்தும். விருப்பச் சொற்பட்டியலும் அதற்குள் இருக்கிறது. ‘நான்-ஜீரோ’ என்று இணைப்புக்குறியோடு எழுதினால் ‘நான்ஜீரோ’ என்று ஒரே சொல்லாகக் கேட்கும். ‘ஃபைல் நேம்’, ‘லோயர் கேஸ்’ இரண்டையும் சேர்த்தெழுதச் சொல்லும். மார்க்டவுன் கோப்பைத் தொட்டிருந்தால் ‘மேக் எம்டி-நிட்ஸ்’.

கமிட் செய்தியின் முதல் வரியில் எந்தப் பக்கம், என்ன திருத்தம் என்பது இருக்கட்டும். ‘ஃபிக்ஸ் டைப்போ’ என்று மட்டும் எழுதினால் ஐந்து ஆண்டு கழித்துத் தேடுபவருக்கு உதவாது.

சிஎல்ஏ கையெழுத்துப் போட வேண்டுமா?

ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்குப் பங்களிப்பவர்கள் சிஎல்ஏ என்ற உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது பொது விதி. எழுத்துப்பிழை போன்ற சிறு திருத்தங்களுக்கு விலக்கு உண்டு. கமிட் செய்தியில், மற்ற உரையிலிருந்து ஒரு வெற்று வரி விட்டு, ‘சிஎல்ஏ: டிரிவியல்’ என்று தனி வரியில் ஆங்கிலத்தில் எழுதினால் போதும். புல் ரிக்வெஸ்ட் விளக்கத்தில் எழுதுவது செல்லாது. கமிட் செய்திக்குள்ளேயே இருக்க வேண்டும். மறந்துவிட்டால் ‘கிட் கமிட்’டை ‘அமெண்ட்’ விருப்பத்தோடு ஓட்டி வரியைச் சேர்த்து, அதே கிளைக்கு ‘ஃபோர்ஸ் புஷ்’ செய்யுங்கள். புதிய புல் ரிக்வெஸ்ட் திறக்க வேண்டாம்.

எது சிறு திருத்தம் என்பதை முடிவு செய்வது மதிப்பாய்வாளர்கள். ஒரு பத்தியையே புதிதாக எழுதியிருந்தால் ஒப்பந்தம் கேட்பார்கள், அது நியாயமும்கூட.

‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘மே’ ஆகியவற்றைத் தொடலாமா?

அர்த்தம் தெரிந்தால் மட்டும். 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119 என்ற இணையத் தர ஆவணம் இந்தச் சொற்களுக்கு வரையறை கொடுத்தது: ‘மஸ்ட்’ கட்டாயம், ‘ஷுட்’ என்றால் தகுந்த காரணமும் விளைவுபற்றிய தெளிவும் இருந்தால் மட்டுமே மீறலாம், ‘மே’ முழுக்க விருப்பம். 2017இல் வந்த ஆர்எஃப்சி 8174, பேரெழுத்தில் எழுதினால் மட்டுமே இந்தச் சிறப்புப் பொருள் என்று தெளிவாக்கியது. ஓப்பன்எஸ்எஸ்எல் மேன் பக்கங்கள் பெரும்பாலும் சிற்றெழுத்தில் எழுதுபவை. அங்கே போய் எல்லா ‘மஸ்ட்’டையும் பேரெழுத்தாக்குவது இலக்கணத் திருத்தம் ஆகாது, புதிய விதி போடுவதாகிவிடும்.

‘மே’ இரண்டு வேலை செய்கிற சொல். ‘பயனர் இதை நல் (எதையும் சுட்டாத) சுட்டியாகக் கொடுக்கலாம்’ என்ற அனுமதிக்கும் அதுதான், ‘செயற்கூறு சில வேளை 0 பைட் எழுதக்கூடும்’ என்ற சாத்தியத்துக்கும் அதுதான். இரண்டாம் பொருளில் வரும்போது ‘கேன்’ அல்லது ‘மைட்’ ஆக்குவது உண்மையிலேயே நல்ல திருத்தம். ‘மே நாட்’ இன்னும் ஆபத்தானது: ‘கூடாது’ என்றும் படிக்கலாம், ‘செய்யாமலும் போகலாம்’ என்றும் படிக்கலாம். அதைக் கண்டால் நிரலைத் திறந்து எது உண்மை என்று பார்த்து, ‘மஸ்ட் நாட்’ என்றோ ‘மைட் நாட்’ என்றோ உடைத்து எழுதுங்கள். நிரலைப் பார்க்காமல் ஊகிக்க வேண்டாம்.

ஒரே சொல் ஒரு பத்தியில் ஆறு முறை வருகிறது. மாற்றுச்சொல் போடலாமா?

கூடாது. பொதுக் கட்டுரையில் சொல் மாற்றி எழுதுவது நயம். இங்கே சொல் மாறினால் பொருள் மாறிவிட்டது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

‘யுனீக்’, ‘ரேண்டம்’, ‘அன்பிரெடிக்டபிள்’ மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏஇஎஸ்-ஜிசிஎம் என்ற என்கிரிப்ஷன் முறையில், சாவியோடு சேர்த்துக் கொடுக்கும் தொடக்க மதிப்பு, வழக்கமாக 12 பைட், ஒரே சாவியோடு இரண்டாம் முறை வரக் கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போனாலும் சரி. மீண்டும் வந்துவிட்டால் இரண்டு செய்திகளின் எக்ஸ்ஓஆர் (எந்தெந்த பிட் வேறுபடுகிறது என்பது) வெளியே தெரியும், அங்கீகாரச் சாவியையும் கண்டுபிடிக்க வழி திறக்கும். சிபிசி என்ற இன்னொரு என்கிரிப்ஷன் முறையில் கதை வேறு: அங்கே 16 பைட் தொடக்க மதிப்பை எதிராளி முன்கூட்டியே கணிக்க முடியக் கூடாது. எண்ணிக்கொண்டு போனால் தனித்தன்மை இருக்கும், பாதுகாப்பு இருக்காது. இணைய இணைப்புகளைக் காக்கும் நெறிமுறையான டிஎல்எஸ் 1.0இல் தொடக்க மதிப்பைக் கணிக்க முடிந்ததைப் பயன்படுத்திக்கொண்டதுதான் 2011இல் வெளியான பீஸ்ட் தாக்குதல். ஆக ‘யுனீக்’ இருக்கும் இடத்தில் ‘ரேண்டம்’ போடுவதும், ‘அன்பிரெடிக்டபிள்’ இருக்கும் இடத்தில் ‘யுனீக்’ போடுவதும் விதியையே மாற்றுகிற வேலை.

இதே எச்சரிக்கை வேறு ஜோடிகளுக்கும் உண்டு: சாவியும் கடவுச்சொல்லும், ஹாஷும் என்கிரிப்ஷனும், பிட்டும் பைட்டும், க்னூபிஜியில் ‘டிரஸ்ட்’டும் ‘வேலிடிட்டி’யும். கடைசி ஜோடியில் முதலாவது, ஒருவர் மற்றவர்களின் சாவிகளுக்குச் சான்று தருவதை நீங்கள் எவ்வளவு நம்புகிறீர்கள் என்பது. இரண்டாவது, இந்தச் சாவி உண்மையிலேயே அந்தப் பெயருக்கு உரியவருடையதா என்பது.

திரும்பும் மதிப்பு பகுதியில் என்ன கவனிக்க வேண்டும்?

ஒவ்வொரு எண்ணும் இருக்கிறதா என்று. ‘ஈவிபி_வெரிஃபைஃபைனல்’ சரியான கையொப்பத்துக்கு 1, தவறான கையொப்பத்துக்கு 0, வேறு கோளாறு நேர்ந்தால் எதிர்ம எண். மூன்று விடைகள். இதை இரண்டாக எண்ணிச் சோதித்த நிரல் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு உள்ளேயே இருந்தது. ‘பூஜ்யம் இல்லை என்றால் சரி’ என்ற சோதனையில் −1 தப்பித்து, சிதைந்த கையொப்பம் நல்ல கையொப்பமாக ஏற்கப்பட்டது. டிஎஸ்ஏ, ஈசிடிஎஸ்ஏ என்ற கையொப்ப முறைகளின் சாவிகளைப் பாதித்த இந்த ஓட்டைக்கு, பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஈ-2008-5077 என்று எண். 2009 ஜனவரியில் 0.9.8ஜே வெளியீட்டில் அடைக்கப்பட்டது.

எனவே ‘வெற்றியானால் 1, இல்லையேல் 0’ என்று நறுக்குவதோ, ‘உண்மை, பொய் திருப்பும்’ என்று எழுதுவதோ சுருக்கமாகத் தெரியும், தவறாகவும் இருக்கும். ‘ரேண்ட்_பைட்ஸ்’ பக்கத்திலும் 1, 0, −1 மூன்றுக்கும் தனித்தனிப் பொருள். ‘கிரிப்டோ_மெம்சிஎம்பி’ இரண்டு இடங்களும் சமமாக இருந்தால் 0 தரும். அதை ‘வெற்றி என்றால் உண்மை’ என்ற அச்சில் வார்த்தால் தலைகீழாகிவிடும்.

செயப்பாட்டு வினையை எல்லாம் செய்வினையாக்கலாமா?

‘யார்’ என்பது முக்கியமான இடத்தில் ஆக்குங்கள். அங்கே ஆக்காமல் இருப்பதுதான் குறை. ‘பொருள் (ஆப்ஜெக்ட்) பிடித்த நினைவகம் விடுவிக்கப்பட வேண்டும்’ என்று மட்டும் இருந்தால், அழைத்தவர் விடுவிப்பதா, நூலகம் விடுவிப்பதா என்பது தெரியாது. யாரும் விடுவிக்காவிட்டால் நினைவகக் கசிவு. இருவரும் விடுவித்தால் இரட்டை விடுவிப்பு, அது தாக்குதலுக்கே வழி.

விடை பெரும்பாலும் செயற்கூற்றின் பெயரிலேயே இருக்கிறது. ‘கெட்0’ என்றால் உரிமை உங்களுக்கு வரவில்லை, விடுவிக்கக் கூடாது. ‘கெட்1’ என்றால் உங்களுடையது, விடுவிக்க வேண்டும். எண் இல்லாத பழைய பெயர்கள்தான் சிக்கல்: ‘எக்ஸ்509_கெட்_பப்கீ’ குறிப்பு எண்ணிக்கையை (எத்தனை பேர் அதை வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கை) ஒன்று கூட்டித் தருவதால் அழைத்தவர் விடுவித்தாக வேண்டும், ‘எக்ஸ்509_கெட்0_பப்கீ’ தருவதை விடுவிக்கக் கூடாது. எழுவாயைச் சேர்க்கும் முன் நிரலில் உறுதி செய்யுங்கள். தவறான எழுவாயைவிடத் தெளிவில்லாத வாக்கியமே மேல்.

‘ஒன்லி’, ‘தட்’, ‘விச்’?

‘ஒன்லி’ எந்தச் சொல்லுக்கு முன் நிற்கிறதோ அதைக் கட்டும். ‘ஆர்எஸ்ஏ (ஒரு மறையாக்க முறை) சாவிகளுக்கு மட்டும் பொருந்தும்’ என்பதும் ‘ஆர்எஸ்ஏ சாவிகளுக்குப் பொருந்த மட்டும் செய்யும்’ என்பதும் வேறு. பேச்சு ஆங்கிலத்தில் அது வினைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும். ஆவணத்தில் அதை உரிய இடத்துக்கு நகர்த்துவது நல்ல திருத்தம்.

காற்புள்ளியோடு வரும் ‘விச்’ எல்லாவற்றையும் விவரிக்கும். காற்புள்ளி இல்லாத ‘தட்’ சிலவற்றைப் பிரித்தெடுக்கும். ‘என்கிரிப்ட் செய்யப்படாத தனிச் சாவிகளை அழிக்கவும்’ என்ற பொருளில் எழுதப்பட்ட வாக்கியத்தில் ‘தட்’ போய் இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே ‘விச்’ வந்தால், ‘தனிச் சாவிகள் அனைத்தும் என்கிரிப்ட் செய்யப்படாதவை, எல்லாவற்றையும் அழிக்கவும்’ என்று ஆகிவிடும். சாவியை அழித்தபின் மீட்க வழியில்லை.

‘ஏ’, ‘ஆன்’ எங்கே எது?

எழுத்தைப் பார்க்காமல் ஒலியைப் பாருங்கள். ‘ஆன் ஆர்எஸ்ஏ கீ’, ‘ஆன் எச்மேக்’, ‘ஆன் எக்ஸ்.509 சான்றிதழ்’, ‘ஆன் எஸ்எஸ்எல் இணைப்பு’, ‘ஆன் ஈவிபி_பிகீ’. ஆனால் ‘ஏ மேக்’, ‘ஏ டிஎஸ்ஏ கீ’, ‘ஏ நல் சுட்டி’, ‘ஏ யூஆர்எல்’. எஸ்-எச்-ஏ என்று எழுத்துக்கூட்டிப் படிப்பவர் குறைவு. ‘ஷா’ என்று சொல்வதால் ‘ஏ ஷா-256’. ‘நிஸ்ட்’ என்பதும் அப்படியே. பக்கம் முழுவதும் ஒரே முடிவாக இருந்தால் ‘ஆன் எஸ்எச்ஏ’ என்று இருப்பதை விட்டுவிடலாம்.

எண்கள், பெயர்கள், குறிகளில் எது எளிதில் கெடும்?

நிறைய. ‘அட் லீஸ்ட்’, ‘அப் டு’, ‘மோர் தேன்’ மூன்றும் எல்லைகள். ‘ஈவிபி_என்கிரிப்ட்அப்டேட்’ பெரும்பாலான சைஃபர்களில் (என்கிரிப்ஷன் முறைகளில்) 0 பைட் முதல், உள்ளீட்டு நீளம் கூட்டல் தொகுதி அளவு கழித்தல் 1 வரை எழுதலாம். ஏஇஎஸ்-சிபிசியில் தொகுதி 16 பைட். 20 பைட் கொடுத்தால் உச்ச எல்லை 35. அந்தக் ‘கழித்தல் 1’ஐ இணைப்புக்குறி என்று நினைத்து நீக்கினாலும் கணக்கு மாறும், ‘அப் டு’ என்பதை ‘லெஸ் தேன்’ ஆக்கினாலும் மாறும்.

பெரிய, சிறிய எழுத்து விருப்பங்களைப் பாருங்கள். கோப்பை என்கிரிப்ட் செய்யும் ‘ஓப்பன்எஸ்எஸ்எல் என்க்’ கட்டளையில் பேரெழுத்துக் ‘கே’ (K) பதினறும எண்களில் உண்மைச் சாவி. சிற்றெழுத்துக் ‘கே’ கடவுச்சொல், அதிலிருந்து சாவி தருவிக்கப்படும். சிற்றெழுத்துப் ‘பி’ (p) சாவியையும் தொடக்க மதிப்பையும் அச்சிட்டுவிட்டு வேலையைத் தொடரும். பேரெழுத்துப் ‘பி’ (P) அச்சிட்டதும் வெளியேறிவிடும். வாக்கியத் தொடக்கம் என்று முதலெழுத்தைப் பெரிதாக்கினால் வேறு விருப்பமாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ‘தி’ சேர்த்து வாக்கியத்தைத் திருப்பி எழுதுங்கள்.

ஷா-512/256 என்பது ஒரே அல்காரிதத்தின் பெயர். சாய்கோட்டை ‘ஆர்’ ஆக்காதீர்கள். ‘ரீ-சைன்’ என்றால் மறுபடி கையொப்பமிடுவது, இணைப்புக்குறி போனால் ராஜினாமா. சொற்செயலியில் திருத்தி ஒட்டினால் இரட்டை இணைப்புக்குறி நீளக் கோடாகும், நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாகும், நகலெடுத்து ஓட்டுபவரின் ஷெல் திட்டும். வெறும் உரை எடிட்டரை மட்டும் பயன்படுத்துங்கள்.

கோட்ஸ்பெல், செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா?

எழுத்துப்பிழை தேடும் கோட்ஸ்பெல் நல்ல கருவி, ஆனால் தானே எழுதும் விருப்பத்தோடு களஞ்சியம் முழுவதும் ஓட்டக் கூடாது. மாறிப் பெயர்களையும் சோதனைத் தரவுகளையும் சுருக்கெழுத்துகளையும் பிழை என்று கருதும். பட்டியலை மட்டும் எடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

உரையாடல் கருவிகள் வாக்கியத்தைச் சரளமாக்கும். அந்தச் சரளத்தில் ‘மஸ்ட்’ மெல்ல ‘ஷுட்’ ஆகும், ‘அன்லெஸ்’ வாக்கியம் ‘இஃப்’ ஆகும்போது ‘நாட்’ ஒன்று விழுந்துபோகும். பயன்படுத்தினால், வேர்ட்-டிஃப்பில் மஸ்ட், ஷுட், மே, கேன், நாட், ஒன்லி, அன்லெஸ், அட் லீஸ்ட், அப் டு, எண்கள் ஆகியவற்றில் எது மாறியிருந்தாலும் பழைய வாக்கியத்தை மீட்டுவிட்டுக் கையால் திருத்துங்கள். எந்த மாற்றத்துக்கும் ‘ஏன்’ என்று கேட்டால் நீங்களே விடை சொல்ல முடிய வேண்டும்.

நிரலுக்குள் இருக்கும் பிழைச்செய்திகளையும் திருத்தலாமா?

குறிப்புரைகளைத் திருத்தலாம். பிழைச்செய்திச் சரங்களில் கை வைக்கும் முன் கேளுங்கள். அவற்றை வரிக்கு வரி ஒப்பிடும் சோதனைகளும் நிர்வாக ஸ்கிரிப்டுகளும் உலகெங்கும் ஓடுகின்றன. மாறிலிப் பெயர்களைத் தொடவே கூடாது. ‘எக்ஸ்509_வி_எர்_அனேபிள்_டு_டீகிரிப்ட்_செர்ட்_சிக்னேச்சர்’ என்ற பெயர், கையொப்பத்தை ‘டீகிரிப்ட்’ செய்வதாகப் பேசுகிறது. ஆர்எஸ்ஏவுக்கு வெளியே அந்தப் பேச்சுக்குப் பொருளில்லை. ஆனாலும் அது பெயர். மாற்றினால் அதைப் பயன்படுத்தும் நிரல்கள் தொகுபடாது. ஆர்எஸ்ஏவுக்கு மட்டுமே இது பொருந்தும் என்ற விளக்கம் ஆவணத்தில் இருக்கிறது, அதைத் தெளிவாக வைப்பதுதான் நம் வேலை.

வாக்கியம் ஒன்று சொல்கிறது, நிரல் வேறு செய்கிறது. என்ன செய்வது?

அது இலக்கணப் பிழை அல்ல. இலக்கணத் திருத்தத்தோடு கலக்காதீர்கள். தனி இஷ்யூ திறந்து, எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பு, ஆவணம் என்ன சொல்கிறது, நிரல் என்ன செய்கிறது என்று எழுதுங்கள். தவறு ஆவணத்திலா நிரலிலா என்பதைத் திட்டத்தார்தான் சொல்ல வேண்டும். முரண்பாட்டால் கையொப்பச் சரிபார்ப்பு தாண்டப்படலாம், நினைவகம் வழியலாம் என்று தோன்றினால் பொதுவில் எதுவும் எழுதாமல், திட்டத்தின் பாதுகாப்புப் பக்கத்தில் கொடுத்திருக்கும் தனி வழியில் தெரிவியுங்கள்.

ஆங்கிலம் எனக்குத் தாய்மொழி அல்ல. நான் திருத்தலாமா?

தாராளமாக. இந்த ஆவணங்களை எழுதியவர்களில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல. வாக்கியத்தை நின்று நிதானித்துப் பிரித்துப் படிப்பவருக்குத்தான் இரட்டைப் பொருள் கண்ணில் படும். நமக்குச் சறுக்கும் இடம் ஆர்ட்டிக்கிள். தமிழில் அது இல்லாததால், ‘தி கீ’ என்றால் முன்னே சொன்ன அதே சாவி, ‘ஏ கீ’ என்றால் ஏதோ ஒரு சாவி என்ற வேறுபாட்டை ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்க்க வேண்டும். ‘ரிட்டர்ன் பேக்’, ‘டிஸ்கஸ் அபௌட்’ போன்ற நம் ஊர் வழக்குகள் திருத்தத்தில் நுழையாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

க்னூபிஜி, பைத்தான் கிரிப்டோகிராஃபி இரண்டிலும் எது வேறுபடும்?

க்னூபிஜி ஆவணம் டெக்ஸ்இன்ஃபோ வடிவம், ‘ஜிபிஜி.டெக்ஸி’ போன்ற கோப்புகளிலிருந்து ‘யாட்2எம்’ கருவி மேன் பக்கத்தை உருவாக்குகிறது. எனவே மேன் பக்கக் கோப்பைத் தேடித் திருத்தாதீர்கள். சிஎல்ஏவுக்குப் பதில், இதைப் பங்களிக்க எனக்கு உரிமை உண்டு என்று சொல்லும் டிசிஓ என்ற உறுதிமொழியும் ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரியும். கமிட் செய்தியில் இரண்டு இணைப்புக்குறி மட்டும் கொண்ட ஒரு வரி முக்கியம்: அதற்குக் கீழே இருப்பது, மாற்றங்களின் பட்டியலான சேஞ்ச்லாகுக்குப் போகாது. எழுத்துப்பிழைத் திருத்தம் அங்கே போகத் தேவையில்லை, ஆகவே மேலே விவரம் எதுவும் இல்லாமல் தலைப்பு, வெற்று வரி, உடனே அந்தக் கோட்டு வரி.

பைத்தான் நூலகம் ஸ்ஃபிங்ஸ் என்ற ஆவணக் கருவி கொண்டு ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட் வடிவக் கோப்புகளைத் தொகுக்கிறது. எழுத்துப்பிழைச் சோதனையும் உண்டு. அகராதியில் இல்லாத கலைச்சொல்லைப் புதிதாகக் கொண்டுவந்தால், ஆவண அடைவில் இருக்கும் சொற்பட்டியலில் அதைச் சேர்க்காதவரை சோதனை சிவப்பாகவே நிற்கும். பிழையாக எழுதிய சொல்லைப் பட்டியலில் சேர்த்து வாயடைக்காதீர்கள்.

இரண்டு பேர் ஒப்புதல் தந்தும் ஓப்பன்எஸ்எஸ்எல் புல் ரிக்வெஸ்ட் உள்ளே போகவில்லை. பிறகு ‘மூடப்பட்டது’ என்று வந்தது. நிராகரித்துவிட்டார்களா?

இல்லை. ஒப்புதல்கள் முடிந்தபின் யாராவது மறுப்புச் சொல்ல 24 மணி நேரம் விடுவார்கள். அதன்பின் ஒருவர் உங்கள் கமிட்டில் ‘ரிவ்யூட்-பை’ வரிகளைச் சேர்த்துக் களஞ்சியத்தில் ஏற்றுவார். கமிட்டின் உள்ளடக்கம் மாறிவிடுவதால் அதன் அடையாள எண்ணும் மாறும். கிட்ஹப்பால் இரண்டையும் ஒன்றெனக் கண்டுகொள்ள முடியாது. அதனால்தான் ‘மெர்ஜ்ட்’ என்று வராமல் ‘குளோஸ்ட்’ என்று வருகிறது. மாஸ்டர் கிளையின் ‘கிட் லாக்’கில் உங்கள் பெயரைத் தேடுங்கள்.

வாரக்கணக்கில் யாரும் பார்க்காவிட்டால், கிளையைப் புதிய மாஸ்டருக்கு ரீபேஸ் செய்து, ‘டாக்-நிட்ஸ்’ இன்னும் தேறுகிறது என்று ஒரே வரி எழுதுங்கள். பத்துப் பக்கங்களுக்கான திருத்தத்தை ஒரே கட்டாக அனுப்பியிருந்தால் அதைப் பிரிப்பது உதவும்: வெறும் எழுத்துப்பிழைகள் ஒரு கமிட், பொருள்மீது கை வைக்கும் வாக்கியங்கள் ஒவ்வொன்றும் தனிக் கமிட், அதன் செய்தியில் எந்த நிரல் கோப்பைப் பார்த்து உறுதி செய்தீர்கள் என்ற குறிப்பு.